காரணம் என்று ஒரு கட்டம்

வாங்க சார், உக்காருங்க. அந்த நாக்காலி வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க, வெளிச்சத்துக்கு நேரா. மொகம் தெரியணும்லா? மொகம் தெரியாத ஆளுகளோட போன்லயே பேசி முப்பத்தெட்டு வருஷம் சர்வீஸ் முடிச்சவன் நான். இனிமேலாவது ஆளப் பாத்துப் பேசணும்னு ஒரு தீர்மானம்.

யாரு அனுப்புனா ஒங்கள? இல்ல, சும்மாதான் கேக்கேன். ரேடியோ ஸ்டேஷன் வரலாறு எழுதுதேன்னு சொல்லுதிய. சரி. ஸ்டேஷன மூடிப் பதினாலு மாசம் ஆகுது. ஓடிக்கிட்டிருந்த அம்பத்தஞ்சு வருஷத்துல ஒருத்தன் வந்து வரலாறு கேக்கல. மூடுன பொறவு வாறிய. அதுவும் நேரா என் வீட்டுக்கு வாறிய. வேற ஆளே கெடைக்கலியா? எல்லாரும் செத்துட்டாவளா? அதுவும் சரிதான்.

அந்தப் போன மேசை மேல வைங்க. கவுத்து வைக்காதிய, எனக்குத் தெரியுத மாதிரி வைங்க. செவப்பு லைட் எரிஞ்சா பதியுதுன்னு அர்த்தமா? எரியட்டும். நான் என்ன சொன்னேன்னு ஒரு சாட்சி வேணும். ஊர்ப்பேரு மட்டும் போடக் கூடாது. தெக்க ஒரு ஊருன்னு எழுதுங்க, போதும். என் பேரு போடலாம். குற்றாலிங்கம், டெக்னீசியன், டிரான்ஸ்மிட்டர். ஸ்டேஷன் மலர் நாலு தடவ போட்டானுவ, ஒண்ணுல கூட என் பேரு கெடையாது.

கோமு, சாருக்குக் காப்பி கொண்டா.

என் வீட்டுக்காரி. கொண்டாந்து வச்சிட்டு உள்ள போயிருவா, பேச மாட்டா. ரேடியோன்னு சொல்லிக்கிட்டு யாரு வந்தாலும் அப்பிடித்தான். ஒங்க மேல கோவம்னு நினைக்காதிய. நாப்பத்தாறு வருஷமா அவ ரேடியோ கேட்டது கெடையாது. ஏன்னு கேட்டேன். சொல்லல. சொல்லலைன்னா விட்டுற வேண்டியதுதான், எழுதிவச்சிக்கிட்டு.

மொதல்லேருந்து சொல்லணுமா? அறுபத்தெட்டுல தொறந்தாவ. அப்ப நான் சர்வீஸ்ல இல்ல, கூட்டத்துல நின்னேன். ஸ்டூடியோ டவுனுக்குள்ள, பழைய தாலுகா ஆபீஸ் பக்கத்துல. டிரான்ஸ்மிட்டர் ஒம்பது கிலோமீட்டர் தள்ளி சங்குமேட்டுல, உப்பளத்த ஒட்டுன பொட்டல்ல. ஒரு கிலோவாட்டு மீடியம் வேவு. நூறு அடிக்கு மேல கம்பம். அந்தக் கம்பத்தப் பாத்து சங்குமேட்டுக்காரனுவ என்ன சொன்னானுவ தெரியுமா? இது மேகத்த ஒடைக்கிது, மழை வராதுன்னான். மனு குடுத்தான். அந்த வருஷம் நல்ல மழை. ஒடனே இது மழைய இழுக்குது, உப்பு கரைஞ்சு போச்சுன்னு இன்னொரு மனு. ஜனங்க எதையும் சந்தேகமாத்தான் பாக்கும். எனக்கு அந்தப் புத்தி கெடையாது.

ஒரு அதிசயம் சொல்லுதேன், எழுதிக்கோங்க. கம்பத்தச் சுத்தி கம்பி வேலி. துருப் புடிச்ச எடத்துல வேலி பேசும். நெசமாத்தான். கிட்டப் போயி காத வச்சா, நியூஸ் வாசிக்கது அதுல கேக்கும், எறும்பு பேசுத மாதிரி. ஆடு மேய்க்கிறவங்க சாயந்தரமானா வேலியோரம் உக்காந்து கேப்பாவ, செலவில்லாத ரேடியோ.

ஏன் சார் வாயப் பொத்துதிய? சிரிக்கியளா? நம்பலைன்னா போங்க, வேற எஞ்சினியர்ட்ட கேளுங்க.

சரி. ஏன் போன நிறுத்துனிய? செவப்பு லைட் அணைஞ்சிச்சே, பாத்தேன். மறுபடி போட்டாச்சா? சரி, சரி.

வேலை என்னன்னு சொல்லுதேன். ஸ்டூடியோவுல பேசுதது டெலிபோன் லைன்ல எங்களுக்கு வரும். நாங்க அத ஏத்தி கம்பத்துக்கு விடுவோம். என் முன்னால ஒரு மீட்டர், அதுல ஒரு ஊசி. ஆள் பேசுனா ஊசி ஆடும். பேச்சு நின்னா படுத்துரும். அஞ்சு செகண்டுக்கு மேல படுத்தா லாக் புக்குல எழுதணும். நாலு கட்டம். தேதி, நேரம், எத்தன செகண்ட், காரணம். காரணம்னா மூணுல ஒண்ணு. ஸ்டூடியோ, லைன், டிரான்ஸ்மிட்டர். எதையாவது ஒண்ணச் சொல்லணும். சொல்லலைன்னா பழி டிரான்ஸ்மிட்டர் மேல. ஏன்னா அங்கன ஒத்தை ஆளு, நாதியத்த ஆளு, நான்.

எழுபத்தாறுல அப்பிடித்தான் எனக்கு ஒரு மெமோ குடுத்தானுவ. நாப்பது செகண்ட் ஊசி படுத்துக்கெடந்துச்சு. ஸ்டூடியோவுல எவனோ டேப்ப மாத்தி மாட்டிட்டான். நான் நல்ல பிள்ளையா, நம்ம ஆளுகதானேன்னு எழுதாம விட்டேன். மறுநாள் அவனுவ எழுதுனானுவ, 'டிரான்ஸ்மிட்டர் கவனக்குறைவு'ன்னு. கவனக்குறைவு! எனக்கு! அன்னையிலேருந்து ஒரு செகண்ட் விட்டது கெடையாது. ஆபீஸ் லாக்குக்கு ஒண்ணு, எனக்குன்னு சொந்த நோட்டுல ஒரு நகல். அந்தா அலமாரியில இருக்கு பாருங்க, எல்லாம் வருஷ வாரியா. என் நோட்டுல காரணம் கட்டத்த மட்டும் காலியா விட்டுருவேன். ஆபீஸ்ல ஸ்டூடியோன்னு எழுதிரலாம், உண்மைக் காரணம் நிரூபிச்ச பொறவுதான எழுதணும். அதுதான் என் நேர்மை.

எழுபத்தெட்டு ஐப்பசிக்கு வாறேன். அதத்தானே கேக்க வந்திய? யாரும் சொல்லலைன்னு சொல்லாதிய. எல்லாரும் அதத்தான் கேப்பாவ.

சாயந்தரம் ஆறு அம்பதுக்கு 'வரப்போரம்'னு ஒரு நிகழ்ச்சி. விவசாயிகளுக்கு. நடத்துனவன் ஞானதுரை. ரேடியோவுல அவன் பேரு அண்ணாச்சி, வெறும் அண்ணாச்சி. "வாங்க மக்கா, வரப்போரமா உக்காருவோம்"னு ஆரம்பிப்பான் பாருங்க, மாவட்டம் பூரா ரேடியோவுக்கு முன்னால உக்காந்துரும். நெல்லு வெல, உரம், மழையளவு, கடைசில அணை நீர்மட்டம். அத ஒரு பாட்டு மாதிரி படிப்பான். குரல்னா குரல். நானே சொல்லுதேன். பஸ்ஸுல போனா கண்டக்டர் டிக்கெட்டு கேக்காம கும்புடுவான். கல்யாணப் பத்திரிகையில அவன் பேரப் போடுவான். அந்தக் குரல ஏத்தி அனுப்புனவன் நான். எனக்கு எவன் கும்புட்டான்? அதுக்காக பொறாமைன்னு சொன்னானுவ சிலபேரு. பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கு? அவன் ஒப்பந்த ஆளு, நான் நிரந்தரம்.

ஐப்பசி பொறந்து நாலாம் நாள். "அணையின் நீர்மட்டம் எண்பத்திரண்டு அடி. வரத்து ஆயிரத்து நானூற்றுப் பத்து கன அடி. வெளியேற்றம்..." அங்கன நின்னுச்சு. ஊசி படுத்துட்டு. லைன் கெடக்கு, கம்பம் கெடக்கு, எல்லாம் நல்லாருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. பொறவு ஒண்ணுமே நடக்காத மாதிரி, "வெளியேற்றம் அறுநூறு கன அடி"ங்கான். எழுதுனேன். மறுநாள் அதே எடத்துல ஏழு. அதுக்கு மறுநாள் ஆறு. பொறவு ஏழு, ஏழு, எட்டு.

நீங்களே சொல்லுங்க. தெனமும் ஒரே எடத்துல, ஒரே அளவு. இத எப்பிடி எடுத்துக்கிட?

இப்ப ஏன் எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போறிய? அங்கன யாரும் நிக்காவளா? ஒண்ணுமில்லையா? சரி, வந்து உக்காருங்க. போன வேற அணைச்சிட்டுப் போயிருக்கிய. இது ரெண்டாந்தடவ.

அந்த வருஷம் நம்ம கடக்கரையில கடத்தல் ஜாஸ்தி. கெடியாரம், டேப் ரிக்கார்டர், நைலான் சேலை. போட்டுல வாறவனுக்குக் கரையிலேருந்து சேதி சொல்லணும்லா? எப்பிடிச் சொல்லுவான்? போன் கெடையாது. ஆனா எல்லாப் போட்டுலயும் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கு. ஆறு அம்பதுக்கு அண்ணாச்சி வாறான். எண்பத்திரண்டு அடின்னா எந்தத் துறை, ஏழு செகண்ட்னா எத்தன மணி. நான் கண்டுபிடிச்சேன் சார். ஒரு கிராப் பேப்பர் வாங்கி வரைஞ்சேன். மழை வலுத்த நாள்ல எல்லாம் இடைவெளி கூடுது. ஒம்பது, பத்து. ஏன்? மழையில, காத்துல கடல் ரோந்து வராதுல்லா! வெயிலடிச்ச நாள்ல அஞ்சுதான், நாலுதான். படம் வரைஞ்ச மாதிரி வந்துச்சு.

கோமுட்ட காட்டுனேன். அப்ப எங்களுக்கு சங்குமேட்டுல குவார்ட்டர்ஸ். அவ 'வரப்போரம்' ஒரு நாள் விட மாட்டா. எங்களுக்கு வயலும் கெடையாது வரப்பும் கெடையாது, இவளுக்கு எதுக்கு உர வெல? கேட்டா சிரிப்பா. கிராப்பப் பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? "என்னங்க, அந்த அண்ணாச்சிக்கு இழுப்பு. ஈரக்காத்துல கூடும்லா. மூச்சு முட்டுதப்ப மைக்க அணைச்சிட்டு இருமுதாரு, பாவம்"னா.

இவளுக்கு எப்பிடித் தெரியும்? மீட்டர் இருக்கா? ஊசி இருக்கா? ஊசி பாக்குற எனக்குத் தெரியாதது அடுப்படியில நிக்கிறவளுக்கு எப்பிடித் தெரியும்? "குரல் கரகரன்னு வருதே, அந்த எடைவெளிக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பாரே, கேக்கலியா?"ன்னா. எனக்குக் கேக்கல. இல்லாதது எப்பிடிக் கேக்கும்? என் காது கிண்ணுன்னு இருக்குத காது.

அடுத்த வாரம் டூட்டி ரூம்லேருந்து மங்கையர்க்கரசி அம்மா போன் பண்ணுனாவ. டூட்டி ஆபீசர், நல்ல பொம்பள, எல்லாரும் அக்கான்னு கூப்புடுவாவ. "குற்றாலிங்கம், ஏழு செகண்டுதானே, அத எழுதாம விட்டுருங்களேன்"னாவ. கவனிச்சியளா? ஏழுன்னு கணக்கா சொல்லுதாவ. அப்ப அவங்களுக்கும் தெரியும். பொறவு ஸ்டூடியோவுல பேனல்ல உக்காருத பையன் போன் பண்ணி அதையே சொல்லுதான். பொறவு நிகழ்ச்சிப் பொறுப்பாளர். ஒரு ஸ்டேஷனே சேந்து ஒருத்தன மறைக்குதுன்னா, மறைக்கதுக்கு என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்? சும்மா இருமலுக்கு இத்தன பேரு போன் பண்ணுவாவளா?

பொறவு அவனே பேசுனான். கார்த்திகை மாசம், நல்ல மழை. ஸ்டூடியோவுக்கும் எங்களுக்கும் ஒரு நேர் போன் உண்டு, அவசரத்துக்கு. அது அடிச்சிச்சு.

"அண்ணாச்சி, நான் ஞானதுரை பேசுதேன்."

மாவட்டத்துக்கே அண்ணாச்சி அவன். அவன் என்னைய அண்ணாச்சிங்கான். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. ஆனாலும் உஷாரா, "சொல்லுங்க"ன்னேன்.

"மார்ச்சுல எனக்கு நிரந்தர ஆர்டர் வருது. இழுப்புன்னு ஆபீஸுக்குத் தெரிஞ்சா மெடிக்கல்ல தள்ளிருவாவ, மைக்குக்குத் தகுதி இல்லைன்னு. எட்டு வருஷம் ஒப்பந்தத்துலயே ஓட்டிட்டேன் அண்ணாச்சி. மார்ச் வரைக்கும் அந்த ஏழு செகண்ட மட்டும் எனக்கு விட்டுத்தாங்க. பொறவு லீவு போட்டு வைத்தியம் பாத்துக்கிடுதேன்."

சொல்லிக்கிட்டிருக்கும்போதே இருமுனான். நல்லா நீளமா இருமுனான், போன் அதிர்ந்துச்சு. நான் போன காதுலேருந்து தள்ளிப் பிடிச்சிக்கிட்டு யோசிச்சேன். குரல வச்சிப் பொழைக்கிறவன். நாடகத்துல கெழவனா வருவான், மாடா கத்துவான், மழையா பெய்வான். இருமல் வராதா? கேக்க வேண்டிய நேரம் பாத்து சரியா வருதே!

"பாப்போம்"னு சொல்லி வச்சிட்டேன். அன்னைக்குச் சாயந்தரம் ஒம்பது செகண்ட். எழுதுனேன்.

எனக்குக் கஷ்டமா இல்லையான்னு கேட்டா, இருந்துச்சு சார். ஒருக்க ஆபீஸ் லாக்குல காரணம் கட்டத்துல 'இரு'ன்னு எழுதிட்டேன் கூட. ரெண்டெழுத்து. பொறவு அந்த மெமோ ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கும் நம்ம ஆளுகதானேன்னுதான் விட்டேன். அடிச்சிட்டு ஸ்டூடியோன்னு எழுதுனேன். கூடவே தலைமை ஆபீஸுக்கு ஒரு கடுதாசி. கிராப்போட.

மார்கழி கடைசில விசாரணைக்கு ஒரு பெரிய ஆபீசர் வந்தாரு. பேரு வேண்டாம். என்னையவும் டவுனுக்குக் கூப்புட்டாவ. பெரிய மேசை. ஞானதுரைய நான் நேருல பாத்தது அன்னைக்குத்தான் முதல் தடவ. குரலுக்கு ஒரு ஆள நினைச்சு வச்சிருந்தேன், நல்லா ஓங்குதாங்கா. வந்தவன் ஒட்டி ஒலந்த ஆளு, முழுக்கைச் சட்டைக்குள்ள காணாமப் போன மாதிரி நின்னான். எனக்கு வணக்கம் சொன்னான்.

ஆபீசர் என் லாக்கையும் கடுதாசியையும் படிச்சாரு. போட்டு, துறை, ரோந்து எல்லாத்தையும் படிச்சிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. என்ன பார்வைன்னு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. பொறவு ஞானதுரைட்ட ஒரு பேப்பரக் குடுத்து, "பத்து நிமிஷம் நிறுத்தாமப் படிங்க"ன்னாரு. அணைக் கணக்குதான். நாலு நிமிஷம் படிச்சான். அருமையாப் படிச்சான். அஞ்சாவது நிமிஷம் "வெளியேற்றம்"னு சொல்லிட்டு மேசையப் பிடிச்சிக்கிட்டான். இருமல். மொகம் நீலம் பாஞ்சு போச்சு. மங்கையர்க்கரசி அம்மா தண்ணி எடுக்க ஓடுனாவ. எல்லாரும் தலையக் கவுத்துக்கிட்டாவ. நான் மட்டும் கெடியாரத்தப் பாத்தேன். பத்தொன்பது செகண்ட்.

இப்பவும் பொத்துதிய வாய. என்ன சார் இது? நான் என்ன சிரிப்புக் கதையா சொல்லுதேன்? போன் மூணாந்தடவ அணைஞ்சிருக்கு.

அப்ப அந்த அம்மா என்ன செஞ்சாவ தெரியுமா? தண்ணியக் குடுத்துட்டு, உள்ள போயி ஒரு சாக்குப்பை கொண்டாந்து மேசை மேல கவுத்துனாவ. போஸ்ட் கார்டு. நூறு எரநூறு இருக்கும். "நேயர்கள் அனுப்புனது சார், இந்த ரெண்டு மாசத்துல. ஒருத்தர் கூடப் பாட்டுக் கேக்கல, நெல்லு வெல கேக்கல. படிச்சிப் பாருங்க"ன்னாவ. அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு.

நானும் ஒண்ண எடுத்தேன். "அண்ணாச்சிக்கு, ஆடாதோடை இலை ஒரு பிடி, திப்பிலி மூணு." இன்னொண்ணு. "சித்தரத்தை ஒரு துண்டு, பனங்கற்கண்டு கூட்டி." இன்னொண்ணு. "தூதுவளை அஞ்சு இலை, நெய்யில வதக்கி." எல்லாம் எண்ணு, பாத்தியளா? மூணு, ஒண்ணு, அஞ்சு. ஊர் ஊராப் பதில் சேதி வருது! நான் ஆபீசர்ட்ட எடுத்துக் காட்டலாம்னு ஒரு கார்டத் தூக்குனேன்.

"அண்ணாச்சிக்கு, ஆடாதோடை ஒரு பிடி, திப்பிலி மூணு, மிளகு ஏழு. ரெண்டு டம்ளர் தண்ணிய ஒரு டம்ளரா வத்த வச்சி, சாயந்தரம் ஆறு மணிக்குக் குடிக்கவும். ஆறு அம்பதுக்குத் தாங்கும். மனசத் தளர விடாதிங்க." கீழ பேரு இல்ல. சங்குமேடு தபால் முத்திரை. எழுத்து என் பொண்டாட்டி எழுத்து.

மிளகு ஏழு. செகண்டும் ஏழு. என் வீட்டுக்குள்ளேருந்து!

அந்தக் கார்ட நான் காட்டல. சட்டைப் பைக்குள்ள வச்சிட்டேன். கட்டுன பொண்டாட்டிய எவனாவது காட்டிக் குடுப்பானா?

ஆபீசர் கடத்தல் பத்தி ஒரு வார்த்தை எழுதல. 'மைக்குக்கு உடல் தகுதி இல்லை'ன்னு எழுதுனாரு. தை மாசம் ஒப்பந்தம் முடிஞ்சிச்சு, புதுப்பிக்கல. அவ்வளவுதான். வாசல்ல வச்சி ஞானதுரை என்கிட்ட வந்தான். அடிக்கப் போறான்னு நினைச்சேன். "வாறேன் அண்ணாச்சி. நீங்க எழுதுனது சரிதான், ஏழுன்னா ஏழுதான்"னு சொல்லிட்டுப் போனான். அதுக்கு என்ன அர்த்தம்? ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்?

அன்னைக்கு வீட்டுக்குப் போயி கார்ட கோமு முன்னால வச்சேன். ரேடியோவ அணைச்சா. துணியப் போட்டு மூடுனா. அதோட சரி.

ஒருக்க அவன் ஊருக்குப் போனேன். சோதிக்கத்தான். அடுத்த புரட்டாசில. கோயில் தெருவுல கடைசி வீடு, கருவேல முள்ளு வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். ஆறு அம்பது. கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தான், மடியில டிரான்சிஸ்டர். 'வரப்போரம்' ஓடுது, வேற எவனோ டேப்புல ஒப்பிக்கான். இவன் கூடவே வாயசைக்கான். அணை நீர்மட்டம் வந்ததும் ரேடியோவ விட முந்திக்கிட்டு, சத்தமாவே படிக்கான். எதுத்தாப்புல யாரும் இல்ல, ஒரு கோழி நிக்கி. "வெளியேற்றம்"னான். நின்னான். நான் எண்ணுனேன். எண்ணிக்கிட்டே இருந்தேன். இருமுனான். ஆமா, இருமுனான். நான் ஒளிஞ்சு நிக்கேன்னு தெரிஞ்சே இருமியிருக்கலாம்லா?

ஐப்பசில செத்துட்டான்னு தந்தி வந்துச்சு ஸ்டேஷனுக்கு. நான் போகல. டூட்டி இருந்துச்சு.

பொறவு என்ன? டேப்புல வந்த ஆள யாரும் கேக்கல. கார்டு வாறது நின்னுச்சு. கார்டு இல்லைன்னு நிகழ்ச்சிய அர மணி நேரத்துலேருந்து கால் மணி நேரம் ஆக்குனான், பொறவு வாரம் ஒருநாள். உள்ளூர் நிகழ்ச்சிக்கு ஆள் கேக்கலன்னு தலைநகர் நிகழ்ச்சிய அப்பிடியே வாங்கிப் போட்டான். வேலி அப்பவும் பேசிக்கிட்டுதான் இருந்துச்சு, ஆனா ஆட்டுக்காரங்க வேலிப் பக்கம் வாறத விட்டுட்டாவ. கடைசில போன வருஷம் கம்பத்த எறக்கிட்டான். இதுக்கெல்லாம் காரணம் நான்னு ரிட்டயர்டு ஆளுக பேசிக்கிடுதானுவளாம். எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நான் எழுதுனது செகண்டு. செகண்டுக்கு ஒரு ஸ்டேஷன் சாகுமா?

இப்பவும் ஆறு அம்பதுக்கு ரேடியோவுல நம்ம ஸ்டேஷன் எடத்துல முள்ளத் திருப்பி வச்சிப் பாக்கேன். வெறும் இரைச்சல். நோட்டுல எழுதியிருக்கேன். ஆரம்பிச்ச தேதி போட்டாச்சு. எத்தன செகண்ட்னு எழுத முடியல, இன்னும் முடியலியே.

சரி, ஒங்க கதைக்கு வருவோம். நான் பேசிக்கிட்டு சும்மா இருந்தேன்னு நினைச்சியளா? இந்தா பாருங்க, இன்னைக்கு வரி. நாலு இருவது, போன் நிறுத்தம், ஆறு செகண்ட். நாலு முப்பத்தஞ்சு, ஏழு. நாலு அம்பத்தெட்டு, எட்டு. காரணம் காலி. இப்ப சொல்லுங்க, எதுக்கு நிறுத்துனிய? யாருக்குத் தெரியக் கூடாதுன்னு நிறுத்துனிய? அஞ்சு நிமிஷத்துல சொல்லலைன்னா...

என்ன கோமு? என்னது இது, டம்ளர்ல?

யாருக்கு? சாருக்கா? காப்பி குடிச்சாச்சே.

என்ன சொல்லுத? சார் இருமுனாரா? எப்ப?

வந்ததுலேருந்தா?

எனக்கு எதுத்தாப்புல, ஒரு முழம் தள்ளி உக்காந்திருக்காரு. எனக்குக் கேக்கலியே. சார், இருமுனியளா? அதுக்குத்தானா போன நிறுத்துனிய? ஜன்னல்கிட்டப் போனது? அதச் சொல்லியிருக்கலாம்லா சார். என் பேச்சக் கெடுக்க வேண்டாம்னா?

கோமு, பென்சில ஏன் எடுக்க? நோட்டக் குடு. கண்ணாடிய வேற மாட்டுதா பாருங்க. என்ன எழுதுத அதுல? காட்டு.

'இருமல்.'

நாலு இருவது, இருமல். நாலு முப்பத்தஞ்சு, இருமல். சரி, இன்னைக்கு உள்ளத எழுதிட்டே. போதும், குடு. அலமாரிய ஏன் தொறக்க? அது பழைய நோட்டு கோமு, எழுபத்தெட்டு. அதுல ஒனக்கு என்ன சோலி? உக்காந்துட்டா பாருங்க சார். ஐப்பசி நாலுலேருந்து எழுதுதா. ஒவ்வொரு வரியா. இருமல். இருமல். இருமல்.

இல்ல சார், நிறுத்த வேண்டாம். எழுதட்டும். அறுபத்தோரு வரி இருக்கு, விளக்கு வைக்கிறதுக்குள்ள முடிச்சிருவா.

நீங்க குடிங்க. ஆடாதோடை, திப்பிலி மூணு, மிளகு ஏழு. ஆறிட்டுன்னா ரொம்பக் கசக்கும்.